பொறுத்துப் போடலாம்

லுசாக்கா
3 மே 2021

அன்புள்ள மிசிங்கா,

நீ போனை எடுப்பதில்லை. வார்டு எண்ணிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ரத்த மாதிரிகளை ஏற்றிக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் இங்கே வரும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐஸ் பெட்டிக்குள் வைக்கும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் ஆறிய நிலையில் உன் கைக்கு வரட்டும்.

நடந்தது இதுதான். கணினியில் நடந்த அந்த டாக்டர்கள் கூட்டத்தில், மூட்டுநோய்க்காரர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடலாமா என்று பேச என்னை அழைத்திருந்தார்கள். எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் ஒரு முகமும் அசையவில்லை. அப்போது வாயில் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை வைத்தியர் இருக்கிறார், ஊரில் பாதிக் குழந்தைகளுக்குத் தன் கையால் ஊசி போட்டவர், முடக்குவாதம் வந்த தன் உடம்புக்கு மட்டும் போட மறுக்கிறார் என்றேன். பேர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டில் விரல்கள் இப்படி வீங்கிய குழந்தை வைத்தியர் வேறு யார்?

மன்னித்துக்கொள். ஆனால் சொன்னது பொய்யில்லை.

உன் விரல்கள் மோசமாகிக்கொண்டே வருகின்றன. மாத்திரை போதவில்லை. நான் உனக்கு நரம்பில் ஏற்ற நினைக்கும் மருந்து நோயை அடக்கும். கூடவே உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் திறனையும் அடக்கிவிடும். அதை ஏற்றிய பிறகு தடுப்பூசி போட்டால், வந்தது யார் என்றுகூட உன் உடம்பு திரும்பிப் பார்க்காது. ஆகவே முதலில் ஊசி, பிறகுதான் மருந்து. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ போட்டுக்கொள்ளும்வரை நான் மருந்தைத் தொடங்கப்போவதில்லை.

உன் இனத்துக்கும் என் இனத்துக்கும் கேலி முறை. கல்லூரியில் நீ என்னை மீன் தின்னி என்பாய், நான் உன்னை மாட்டுக்காரி என்பேன், ஒருவருக்கும் கோபம் வராது. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர் மாடுகள்கூடத் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கின்றன.

பதில் எழுது.

இமாசிகு


சினாசோங்வே
12 மே 2021

டாக்டர் இமாசிகு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாட்டைப் பற்றிய வரியைப் படித்தேன்.

அன்று கூட்டம் முடிந்த கையோடு எனக்கு நான்கு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் கல்லூரிக்குப் பிறகு என்னிடம் பேசியே இராதவர். தைரியமாக இருக்கும்படி சொன்னார். எனக்கு இந்த நோய் இருப்பது என் தங்கைக்கே தெரியாது. கை வலிக்கிறது, வேலை அதிகம் என்றுதான் இவ்வளவு காலமும் வீட்டில் சொல்லி வந்தேன். இப்போது எங்கள் ஆஸ்பத்திரி சமையல்காரருக்கும் தெரியும். நேற்று என் தட்டில் ந்சிமாக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தார். நான் பிசைய வேண்டாமாம்.

ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த வருடம் எல்லோருக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணையாகப் போட்டார்கள். மூன்றாவது போட்ட வாரம் வலது கை நடுவிரல் வீங்கியது. பிறகு வடியவே இல்லை. அது தற்செயல் என்று எனக்குத் தெரியும். கட்டுரைகளை எல்லாம் படித்திருக்கிறேன். தாய்மாரிடம் நான் சொல்வதும் அதுதான். “ஊசிக்கு அப்புறம் வந்ததெல்லாம் ஊசியால வந்தது இல்லம்மா.” அதை நம்பித்தான் சொல்கிறேன். என் தோளைப் பஞ்சால் துடைக்கும்போது மட்டும் அந்த நடுவிரல் ஞாபகத்துக்கு வருகிறது. படிப்பு தலையில் இருக்கிறது, பயம் விரலில் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊசி வந்தபோது வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று விலகிக்கொண்டேன்.

மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நீங்கள் பேரம் பேசுகிறீர்கள். பேசுங்கள். இந்த விரல்களோடுதான் நேற்றும் குழந்தைகளுக்கு ஊசி போட்டேன். இரண்டு தடவை சிரிஞ்சு நழுவியது.

இன்னொன்று. நம் இருவருக்கும் பொதுவான நோயாளி எஸ்னாத், கருவாடு காயவைத்து விற்பவள், மருந்து வாங்க வந்தாள். பெரியவர்களைப் பார்க்க இங்கே வேறு டாக்டர் இல்லாததால் அவளையும் நான்தான் பார்க்கிறேன். அவளுக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தது நீங்கள். தன் உடம்பே தன்னைத் தின்னும் நோய், வெயில் பட்டால் கூடும். இந்தப் பள்ளத்தாக்கு வெயிலில் அவள் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியுமாக மீன் காயவைப்பதைப் பார்த்துக் கரையில் இருப்பவர்கள் ‘கல்யாணப் பெண்’ என்கிறார்களாம். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். தடுப்பூசி போடலாமா என்று கேட்டாள். அவள் அட்டையைப் பார்த்தேன். ஏப்ரலில் உங்கள் கையெழுத்தில், ‘நோய் அடங்கட்டும். பொறுத்துப் போடலாம்’ என்று இருக்கிறது. அப்படியே சொல்லி அனுப்பினேன்.

அவள் பொறுக்கலாம், நான் பொறுக்கக் கூடாது. இதில் என்ன மருத்துவம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மிசிங்கா


லுசாக்கா
25 மே 2021

மிசிங்கா,

‘அவர்களுக்கு’ என்று தொடங்கும் கடிதம் உன்னிடமிருந்து வரும் என்று நினைத்ததில்லை. இருக்கட்டும்.

உன் தங்கைக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. தப்பு என்னுடையதுதான்.

நான் உனக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. அந்த நடுவிரலைப் பற்றி நீ சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. உன்னிடம் மட்டுமில்லை, மறுக்கிற எவரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் கதை சொல்வார்கள். கதை கேட்டால் வெளியே வரிசை நீளும். ‘மறுத்தார்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊசி வந்த முதல் நாள் மேசை போட்டுத் துணி விரித்து விழா எடுத்தார்கள். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானும் எழுந்து பேசினேன். பிறகு வார்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு நழுவினேன். வார்டில் எந்த அவசரமும் இல்லை. நர்சுகள் போட்டுக்கொண்டார்கள். தரை துடைக்கும் பெண்கள் போட்டுக்கொண்டார்கள். நான் சில வாரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் வேலைக்கு வரவில்லை, யாருக்குக் கால் வீங்குகிறது, யாருக்குத் தலைவலி என்று. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை போய்ப் போட்டுக்கொண்டேன். எனக்குப் போட்ட நர்ஸ், “நீங்க அன்னிக்கே போட்டுட்டீங்கன்னு நெனச்சேனே டாக்டர்” என்றாள். சட்டைக் கையை மடித்தேன்.

எஸ்னாத்தின் அட்டையில் எழுதியது அந்த இடைப்பட்ட வாரங்களில். அது அவள் நோயைப் பார்த்து எழுதியதா, என் மனசைப் பார்த்து எழுதியதா என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நோய் அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், லூபஸ் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் போடுவதே நல்லது என்று இப்போது தெளிவாகச் சொல்கிறார்கள். அவளை வரவழைத்துப் போட்டுவிடு. ஜூன் மாதக் குளிர் வருகிறது. பக்கத்து நாடுகளில் கொரோனா மறுபடி ஏறுகிறது என்கிறார்கள்.

உன்னைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கப்போவதில்லை.

இமாசிகு


சினாசோங்வே
9 ஜூன் 2021

இமாசிகு,

எஸ்னாத்தை வரவழைத்தேன். கணவர் முன்சாகாவும் கூட வந்தார். அவர் ஏரியில் கப்பெண்டா மீன் பிடிக்கும் படகில் வேலை செய்கிறார். இரவெல்லாம் விளக்கைக் காட்டி மீன் பிடித்துவிட்டு நேரே வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

ஊசி இப்போது போடலாம் என்றேன். போன தடவை பொறுக்கச் சொன்னீர்களே என்று எஸ்னாத் கேட்டாள். அப்போது அப்படி நினைத்தார்கள், இப்போது மாற்றிக்கொண்டார்கள் என்றேன். மறுபடி மாற்றுவார்களா என்றாள். குத்திக் காட்டவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். போன வருடம் கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டு, அவள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை ஊர் முழுக்க வாங்கித் தின்றது. பிறகு அது எதற்கும் உதவாது என்றார்கள். அதற்குள் அவள் பல வாரம் மாத்திரை இல்லாமல் கிடந்தாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அப்புறம் கேட்டாள்.

“டாக்டரம்மா, உங்களுக்கும் என்னை மாதிரி கை நோவுன்னு சொல்றாங்க. நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

உன் கணினிக் கூட்டம் ஏரிக்கரைவரை வந்துவிட்டது, பார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தைகளிடம் வலிக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய் தானாக ‘இல்ல’ என்றது.

அவள் கணவரைப் பார்த்தாள். “அப்ப நானும் கொஞ்சம் பாக்கறேன்” என்றாள். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. என்னைப் பார்க்காதே, என் பயம் வேறு, உன் உடம்பு வேறு என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையில் ஒரு குழந்தை வலிப்பில் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

இந்தப் பெட்டி ஊசி இந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

மிசிங்கா


லுசாக்கா
1 ஜூலை 2021

மிசிங்கா,

நின்றுகொண்டே எழுதுகிறேன். மூட்டுநோய்ப் பிரிவை மூடிவிட்டு என்னைக் கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் வண்டி வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் ஜன்னலுக்குப் போகிறோம். வேறு வண்டியாக இருந்தால் திரும்பி வந்து வேலையைப் பார்க்கிறோம்.

நம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவானே, அவனை நேற்று இந்த வார்டில் கடைசி மூச்சில் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இதைவிட நல்ல ஊசி ஒன்று வரும், அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தானாம். அவன் மனைவி சொன்னாள். எனக்கு வருத்தம் வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பசி வந்தது. போய்ச் சாப்பிட்டேன்.

எஸ்னாத்தைத் தேடிப் பிடி. வீட்டுக்கே போ. பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மிச்சம் இருக்கிறதா என்று கேள். நீ போட்டுக்கொண்டதாகப் பொய் சொல். நான் விழா மேடையில் பொய் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்டுப் போட்டுக்கொண்ட நர்சுகள் எல்லோரும் இன்று நடமாடுகிறார்கள்.

இமாசிகு


சினாசோங்வே
19 ஜூலை 2021

இமாசிகு,

உன் கடிதம் வந்த அன்று எஸ்னாத்தும் வந்தாள். காய்ச்சல் தொடங்கிச் சில நாள் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்த ஆக்சிஜனை வைத்தோம். அதை இன்னொருவரோடு மாற்றி மாற்றி வைத்தோம். புதன்கிழமை விடிந்த பிறகு போய்விட்டாள். நான் அப்போது குழந்தைகள் பக்கம் இருந்தேன். சொல்லி அனுப்பினார்கள். கையில் எடுத்த ஊசியை அந்தக் குழந்தைக்குப் போட்டுவிட்டுப் போனேன்.

உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளை அங்கிக்காரர்கள் நேரே புதைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உறவில் சிலருக்கு மட்டும் அனுமதி. வழக்கப்படி துக்க வீட்டில் படுத்துத் தூங்க யாரும் வரவில்லை. மேளம் இல்லை. பெண்கள் சித்தெங்கே துணியால் வாயை மூடிக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றார்கள். உங்கள் இனத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இங்கே இருக்கிறார். கேலி முறைக்காரர் என்பதால் சாவில் கூத்தடித்துச் சிரிக்கவைப்பது அவர் கடமை. வந்தார். குழியிலிருந்து தள்ளி நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இனிமே ஏரியில மீனுக்கெல்லாம் நிம்மதி” என்றார். முகக்கவசத்துக்குள் சொன்னதால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிந்ததும் முன்சாகா என்னிடம் வந்தார். இரண்டு கைகளையும் குழித்து மெல்லத் தட்டினார், நாங்கள் பெரியவர்களுக்கு நன்றி சொல்வதுபோல. அவர் என்னைவிட மூத்தவர்.

“மத்த டாக்டருங்க எங்ககிட்ட ஒண்ணு சொல்வாங்க, வீட்ல ஒண்ணு செய்வாங்க. நீங்க உள்ளத உள்ளபடி சொன்னீங்க டாக்டரம்மா. அவ கடைசிவரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. அத நான் மறக்க மாட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன். அவர் காய்ந்த கப்பெண்டா ஒரு பை கொடுத்தார். அவள் காயவைத்தது. வாங்கிக்கொண்டேன். அது என் சமையலறையில் இருக்கிறது.

அழுகை வரவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. நீ பசியைப் பற்றி எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன்.

மிசிங்கா


லுசாக்கா
28 ஜூலை 2021

மிசிங்கா,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை ‘நோயாளி இறந்தார்’ என்று எழுதுகிறது, பழக்கத்தில்.

அவள் போட்டுக்கொண்டிருந்தாலும் போயிருக்கலாம். அவள் சாப்பிட்ட மாத்திரைகளுக்கு நடுவில் ஊசி எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் சிறுநீரகம் ஏற்கெனவே மோசம். இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன். எனக்கும் இதுவரை இது ஆறுதலாக இல்லை.

பொறுக்கச் சொல்லி எழுதியது நான். ஏப்ரலில் அவள் கேட்டபோது பெட்டி நிறைய ஊசி இருந்தது. முன்சாகா உனக்கு நன்றி சொன்னார். என்னை அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. அவருக்கு எழுதலாம் என்று நினைத்தேன். எழுதி என்ன செய்யப்போகிறேன், என் மூட்டையை இறக்கி அவர் தலையில் வைப்பதைத் தவிர. எழுதவில்லை.

உன் மருந்துக்கு வருகிறேன். முன்பு போட்ட நிபந்தனையை எடுத்துவிடுகிறேன். நீ ஊசி போட்டுக்கொள்ளாவிட்டாலும் தொடங்கலாம். ஆபத்து இருக்கிறது. ஆனால் உன் விரல்கள் போய்க்கொண்டிருப்பதும் ஆபத்துதான். இதை நான் மே மாதமே எழுதியிருக்க வேண்டும். எப்போது வர முடியும் என்று மட்டும் சொல்.

ஒருவேளை மனசு மாறினால்: இப்போது வந்திருப்பது ஒரே தவணை ஊசி. போட்ட பிறகு ஒரு வாரம் உன் வாராந்திர மாத்திரையை நிறுத்திவை, ஊசி நன்றாகப் பிடிக்கும். அந்த வாரம் மூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இமாசிகு


சினாசோங்வே
27 ஆகஸ்டு 2021

டாக்டர் இமாசிகு,

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்ல, நர்ஸ் பியாத்தா எழுதுகிறாள். அவள் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும், பொறாமைப்படாதே.

போன வாரம் புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். கடைசிக் குழந்தை போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து பியாத்தாவைப் போடச் சொன்னேன். தோளைத் துடைத்தாள். எதுவும் நினைக்கவில்லை. நினைக்க ஒன்றும் மிச்சமில்லாததுபோல இருந்தது. தைரியம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. பயமும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ சொன்னபடி மாத்திரையை நிறுத்தினேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கட்டும் வீங்கின. ஞாயிறு முழங்கால். திங்கள் அன்று தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நடுவிரலும் வீங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊசியாலா, மாத்திரையை நிறுத்தியதாலா, மாதக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதாலா என்று தெரியாது. இதை ஒரு தாய் என்னிடம் கேட்டால் என்ன சொல்வேனோ அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்காதே.

மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டேன். வலி இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் வருகிறேன். நரம்பு மருந்துக்கு ஏற்பாடு செய்.

மிசிங்கா

டாக்டர், இனி எழுதுவது பியாத்தா. இதை டாக்டரம்மா சொல்லச் சொல்லவில்லை. வீங்கிய கையோடும் அவர் தினமும் வார்டுக்கு வந்தார். சிரிஞ்சை நான் பிடித்தேன், எங்கே குத்த வேண்டும் என்று அவர் காட்டினார். வீட்டுக்குப் போங்கள் என்றால், வீட்டில் கருவாட்டு வாசனை அடிக்கிறது என்கிறார். தயவுசெய்து சீக்கிரம் மருந்து கொடுங்கள்.


லுசாக்கா
6 செப்டம்பர் 2021

மிசிங்கா,

படுக்கை ஏற்பாடு செய்துவிட்டேன். வண்டியிலேயே வந்துவிடு, டிரைவர் பக்கத்து இருக்கையை உனக்காக வைத்திருப்பார். ராத்திரி எங்கள் வீட்டில் தங்கலாம். என் மனைவி மீன் சமைப்பாள், அதைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

போன வாரம் ஒரு நோயாளி தடுப்பூசி வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. வரிசை நீண்டது. அவர் அன்று போட்டுக்கொள்ளவில்லை. யோசிப்பதாகச் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இமாசிகு


சினாசோங்வே
12 அக்டோபர் 2021

அன்புள்ள இமாசிகு,

கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், நான்தான் எழுதுகிறேன். மருந்து ஏறியதிலிருந்து காலையில் விரல் மடங்குகிறது. உன் மனைவிக்கு என் நன்றியைச் சொல். மீனைப் பற்றி அங்கேயே சொல்லிவிட்டேன்.

போன வியாழன் முன்சாகா வந்தார். எஸ்னாத்தின் தங்கை லுயாண்டோவைக் கூட்டி வந்தார். பதினெட்டு வயது இப்போதுதான் முடிந்த பெண். அக்காள் போன பிறகு அவர் வீட்டில் இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் ரத்தப் பரிசோதனை முடிவை நீதான் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாய், உனக்குத் தெரியும். அதே நோய். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பிறகு தடுப்பூசி என்று வாயெடுத்தேன். முன்சாகா முந்திக்கொண்டார்.

“அது வேணாம் டாக்டரம்மா. நீங்களும் போட்டுக்கல, அவளும் போட்டுக்கல. இவளுக்கும் வேணாம்.”

நானும் அவரும் ஒரு கட்சி என்பதுபோலச் சொன்னார். என் பக்கம் லேசாகச் சாய்ந்துகூட உட்கார்ந்தார்.

“நான் போட்டுக்கிட்டேன்” என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. “எப்ப?”

“ஆகஸ்டுல.”

என் கையைப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலயா?”

வீங்கியதைச் சொன்னேன். எதனால் என்று தெரியாது என்பதையும் சொன்னேன். பிறகு வடிந்ததைச் சொன்னேன், உன்னிடம் வந்து மருந்து ஏற்றிக்கொண்டதைச் சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றும் படகிலிருந்து நேரே வந்தவர்தான், சட்டையில் ஏரி ஈரம் காயவில்லை.

“அப்ப நல்லதுதான்” என்றார்.

“நல்லதுதான்.”

“அவளுக்கும் நல்லதா இருந்திருக்கும்.”

அது கேள்வியா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீ ஜூலையில் எழுதிய பதில் என்னிடம் இருந்தது. போட்டிருந்தாலும் போயிருக்கலாம். அது உண்மை. அதைச் சொன்னால் அவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார். நானும்தான்.

“இருந்திருக்கலாம்” என்றேன். “அன்னிக்கு அவ கேட்டப்ப, எனக்குப் பயம், ஆனா அவளுக்கு இது வேணும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த வர்ணத்தை நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டினார். பிறகு எழுந்தார். லுயாண்டோவும் கூடவே எழுந்தாள். அவர் அவள் தோளில் கை வைத்து மறுபடி உட்காரவைத்தார்.

“நீ இரு” என்றார். “டாக்டரம்மா சொல்றதக் கேட்டுட்டு வா.”

வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

லுயாண்டோ சட்டைக் கையை மடித்தாள். பியாத்தாவைக் கூப்பிடவில்லை, நானே போட்டேன். சிரிஞ்சு நழுவவில்லை. அவள் வெளியே போனதும் ஜன்னலில் பார்த்தேன். அவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வலித்ததா என்று அவளிடம் கேட்டிருப்பார்போல, அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். இருவரும் ஏரிப் பக்கம் நடந்தார்கள். அவர் என் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிசிங்கா